ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

சனிக்கிழமை இரவு தொழிலாளியின் வீட்டில் ஒரு கேள்வி எழும். "நாளைக்கு எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போறியாப்பா?" என்று பிள்ளை கேட்கும். தகப்பன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பான். மாதத்தின் மூன்றாவது வாரமாக இருந்தால் பதில் என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: "அடுத்த வாரம் பார்க்கலாம்." அந்த அடுத்த வாரம் அநேகமாக வருவதேயில்லை.

இது அற்ப விஷயம், இதற்கு ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கக் கூடும். சம்பள உயர்வு, பஞ்சப்படி, ஆட்குறைப்பு என்று எத்தனையோ பிரச்னைகள் இருக்க, குடும்பத்தோடு உலாவப் போவதைப் பற்றி எழுதுவானேன்? ஆறு நாள் உழைப்பை முதலாளி எடுத்துக் கொள்கிறான். மிஞ்சுவது ஏழாவது நாள் ஒன்றுதான். அந்த ஒரு நாளும் காசிருந்தால்தான் இனிக்கும் என்ற நிலை வருமானால், அது சம்பளப் பிரச்னையைப் போலவே வயிற்றையும் மனத்தையும் தொடுகிற பிரச்னை என்றே நாம் கருதுகிறோம்.

இந்த விடுமுறை நாள் யாரும் மனமுவந்து கொடுத்த தானமல்ல. பம்பாய் மில் தொழிலாளருக்கு ஒரு காலத்தில் வாராந்திர ஓய்வு என்பதே கிடையாது. நாராயண் மேகாஜி லோகாண்டே 1884-ல் தொழிலாளரைத் திரட்டி மனுக் கொடுத்தார். ஆண்டுக் கணக்கில் கூட்டங்கள் நடத்தினார். கடைசியில் 1890 ஜூன் 10-ம் தேதி மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். சென்னைப் பெரம்பூரில் 1918-ல் தொழிற்சங்கம் உருவானபோது எழுந்த குறைகளில் ஒன்று, மத்தியானச் சோற்றை நிதானமாகச் சாப்பிடக்கூட நேரம் கொடுப்பதில்லை என்பது. விடுதலைக்குப் பின் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை உறுதி செய்யப்பட்டது. ஆக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் பாட்டன்மார் போராடி வாங்கிவைத்த சொத்து. அதை அனுபவிக்க வழி தேடுவதும், பறிபோகாமல் காப்பதும் நமது கடமையல்லவா?

அனுபவிக்கப் பெரும் பணம் வேண்டுமா? வேண்டியதில்லை என்கிறோம். சென்னையையே எடுத்துக் கொள்வோம். கடலுக்கு டிக்கெட் கிடையாது. வெயில் தாழ்ந்தபின் வீட்டிலிருந்து புளிச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நான்கு குடும்பங்கள் சேர்ந்து மெரினாவுக்குப் போனால், செலவு சுண்டலோடு சரி. (அங்கே அலையின் இழுப்பு பலமானது, பிள்ளைகளைக் குளிக்க இறங்கவிடக் கூடாது.) தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையடியில் பிள்ளைகளை நிறுத்தி, பாறையை நெம்பும் அந்த நால்வரையும் காட்டலாம். இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923-ல் கொண்டாடியது இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த கடற்கரையிலும்தான் என்று சொல்லலாம். பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட மணலில் உட்கார்ந்து கேட்டது மனத்தில் நிற்கும்.

எழும்பூரில் 1851-ல் தோன்றிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை; ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். சோழர் காலத்துச் செப்புச் சிலைகளையும் அமராவதிச் சிற்பங்களையும் சிறு கட்டணத்தில் பார்க்கலாம். அவற்றைச் செய்தவர்களும் கைத்தொழிலாளர்களே என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால், பார்க்கும் கண்ணே மாறிவிடும். அதே வளாகத்தில் 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பேட்டையிலேயே கிளை நூலகம். இவையெல்லாம் தர்மமல்ல. 1948-ம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை கொடுப்பவனின் பணமும் அதில் கலந்திருக்கிறது. நமது பணத்தில் வாங்கிய புத்தகத்தைப் புரட்ட நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

பஸ் கட்டணமோ? 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியதும், வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போக மட்டுமின்றி, வெளியே போய் வரவும் வழி பிறந்தது. ஒரு நல்ல திட்டம் சாதாரண மக்களின் வாழ்வில் எவ்வளவு காற்றைப் புகவிடுகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொது இடங்களுக்குக் கதவு போட்டு, கதவருகில் டிக்கெட் மேஜை போடும் பழக்கம் வளர்ந்து வருகிறது. சென்னை கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட பூங்காவில் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் வாசலைத் தாண்டவே 300 ரூபாய்! உள்ளேயிருந்த கேளிக்கைகளுக்குத் தனிக் கட்டணம். அரசாங்க நிலத்தில் மரத்தையும் பூவையும் பார்க்க ஒரு கூலிக்காரன் கொடுக்கக் கூடிய விலையா இது?

அதே அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தில் இன்னொரு தீர்மானம் வந்தது. செயற்கைப் புல் பதித்த 9 கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்புக்கு விடுவது, ஆடுபவர்களிடம் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். மாதத்தில் நான்கு ஞாயிறு, ஒரு மணி நேரம் பந்து உதைக்க ஒரு பையனுக்கு 480 ரூபாய்! எதிர்ப்புக் கிளம்பியது, முடிவு உடனடியாகக் கைவிடப்பட்டது. மக்கள் வாய் திறந்தால் பலன் உண்டு என்பது இதிலிருந்து விளங்கும். வாய் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் விளங்கும்.

வீட்டுக்கு அருகில் ஒரு திடல் இருப்பது என்ன செய்யும் என்பதற்குக் கண்ணகி நகரே உதாரணம். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களின் ஊர் அது. அங்கே கபடி ஆடிப் பழகிய கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். நாடே பாராட்டியது, நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் கேட்கிறோம்: கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் எத்தனை! நடந்துபோகும் தூரத்திலிருந்த கடற்கரை இன்று அவர்களுக்கு ஒரு பஸ் பிரயாணம். குடியிருப்பைக் கட்டியவர்கள் பூங்காவையும் நூலகத்தையும் மைதானத்தையும் அதே அளவுக்கு நினைத்தார்களா?

இன்னும் சிலருக்கு ஞாயிறே இல்லை. உணவுப் பொட்டலத்தை மோட்டார் சைக்கிளில் சுமக்கும் இளைஞனுக்கு, மற்றவர் ஓய்வெடுக்கும் நாள்தான் வேலை மிகுந்த நாள். ஒருநாள் வீட்டில் இருந்தால் ஒருநாள் வருமானம் போயிற்று. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கதையும் இதுதான். இருக்கிற ஓய்வுக்கும் ஆபத்து வராமலில்லை. 2023 ஏப்ரலில், வாரத்தில் நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று ஆசை காட்டி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஞாயிறு என்றால் ஆண் தூங்கி எழுவான், கறிக்குழம்பு கேட்பான். சிலர் சாராயக் கடைப் பக்கம் போய், பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிச் செல்வதற்கான பணத்தை அங்கே தொலைத்துவிட்டு வருவார்கள். பெண்ணுக்கோ அன்றைக்குத்தான் துணி மூட்டை, அரைப்பது, கழுவுவது எல்லாம். அவளுடைய ஞாயிறு எங்கே போயிற்று? குடும்பத்தோடு வெளியே போவது என்றால் அடுப்படியில் பாதி வேலையை ஆண் ஏற்றுக்கொள்வது என்றும் பொருள்.

நமது ஊழியர்களின் குறையையும் மறைக்கப் போவதில்லை. மகாசபை, கிளைக் கூட்டம், நிதி வசூல் என்று எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமையிலேயே போட்டுவிடுகிறோம். உழைக்கும் மக்களின் ஓய்வுக்காக மேடையில் பேசிவிட்டு, நம் வீட்டுப் பிள்ளையிடம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்கிறவர்கள் நாமே! மாதத்தில் ஒரு ஞாயிறாவது கூட்டமில்லாத ஞாயிறாக இருக்கட்டும். அன்று சங்கக் கிளைகள் குடும்பங்களைத் திரட்டி அருங்காட்சியகத்துக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்லட்டும். பேட்டைத் திடலில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயமும், பெண்களுக்குக் கோலப் போட்டியோடு கபடியும் நடத்தட்டும். முதியவர்களை உட்காரவைத்துப் பழைய போராட்டக் கதைகளைச் சொல்லச் சொல்லட்டும். இதற்கு வசூல் தேவையில்லை, மனம்தான் தேவை.

சர்க்காரையும் உள்ளாட்சி மன்றங்களையும் நாம் கோருவது இவை: பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நுழைவுக் கட்டணம் கூடாது, அவற்றைக் குத்தகைக்கு விடக் கூடாது. குடிநீர், சுத்தமான கழிப்பிடம், நிழல், முதியோரும் ஊனமுற்றோரும் வந்துபோகச் சாய்வுப் பாதை ஆகியவை எல்லா இடங்களிலும் வேண்டும். கழிப்பிடம் இல்லாத பூங்கா பெண்களுக்கு மூடிய பூங்கா என்பதை அதிகாரிகள் உணர வேண்டும். கிளை நூலகங்கள் ஞாயிறு முழுவதும் திறந்திருக்க வேண்டும். அதற்காக ஊழியர்களின் ஓய்வைப் பறிக்காமல், கூடுதல் ஆட்களை நியமிக்க வேண்டும். வசூலித்த நூலக வரியைப் பாக்கி வைக்காமல் நூலகங்களுக்கே செலுத்த வேண்டும். மறுகுடியமர்த்தப்பட்ட பகுதிகளிலிருந்து ஞாயிறு மாலைகளில் கடற்கரைக்குக் கூடுதல் சாதாரணப் பேருந்துகள் ஓட வேண்டும். பொட்டலம் சுமப்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் சம்பளத்தோடு கூடிய வார விடுமுறை வேண்டும்.

இவற்றில் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கையல்ல. கடல் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, திடல் இருக்கிறது. அவை மக்களுடையவை. கதவு திறந்திருக்க வேண்டும். கையில் ஒரு நாள் இருக்க வேண்டும். இந்தச் சனிக்கிழமை இரவு பிள்ளை அதே கேள்வியைக் கேட்கும்போது, "சரி, நாளைக்கே போவோம்" என்று சொல்லத் தொடங்குவோம்.