பூமி குலுங்கினால் பள்ளிக்கூடம் தாங்குமா?

"பூகம்பமா? அதெல்லாம் ஜப்பான்லே வரும், குஜராத்லே வரும். நம்ம பக்கம் ஏது?"

வேலூர் மாவட்டத்து டீக்கடைகளில் 2021-ம் ஆண்டு கடைசி வரை இதுதான் பேச்சு. அந்தப் பேச்சை 2 அதிர்ச்சிகள் அடக்கிவிட்டன.

நவம்பர் 29-ந்தேதி விடியற்காலை 4 மணி 17 நிமிஷத்துக்கு வேலூருக்கு மேற்கே பூமி குலுங்கியது. ரிக்டர் அளவு 3.6. மாதம் முடிவதற்குள் டிசம்பர் 23-ந்தேதி பிற்பகல் 3 மணி 14 நிமிஷத்துக்கு மறுபடியும் ஓர் ஆட்டம். அளவு 3.5. பாத்திரங்கள் உருண்டன. ஜனங்கள் அலறியடித்துத் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

உயிர்ச்சேதம் இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

ஆனால் அந்த 2 நேரங்களையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். டிசம்பர் 23 வியாழக்கிழமை. பிற்பகல் 3 மணி பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். சரி, நவம்பரில் வந்தது விடியற்காலைதானே, பிள்ளைகள் வீட்டில் இருந்திருப்பார்களே என்றால், மலைப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஜவ்வாது மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. அங்கே படிப்பும் பள்ளியில், படுக்கையும் பள்ளியில்! பகலில் ஆடினாலும் ராத்திரியில் ஆடினாலும் அந்தப் பிள்ளைகள் தலைக்கு மேலே இருப்பது சர்க்கார் கட்டிய கூரைதான்.

ஒடுகத்தூரை எடுத்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை என்றால் சுற்றுவட்டாரமே அங்கே திரளும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு மலைக்காரர்களுக்குக் கடைகண்ணி, பஸ், வைத்தியம் எல்லாவற்றுக்கும் கீழே இறங்கினால்தான் உண்டு.

2023-ம் ஆண்டு மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனது. ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்ற தாயே பிரேதத்தைச் சுமந்துகொண்டு மலை ஏறினாள். நாடே பார்த்துக் கண்ணீர் விட்டது. ஆஸ்பத்திரி நன்றாக நிற்கிற சாதாரண நாளிலேயே மலைக்காரன் கதி இது. பூமி ஆடி, அடிவாரத்து ஆஸ்பத்திரியும் விழுந்துவிட்டால் அடிபட்டவனை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

அப்படி நடக்காது என்று சொல்ல முடியாது. 2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி குஜராத்தில் புஜ் நகரத்து சிவில் ஆஸ்பத்திரியே இடிந்து விழுந்தது. சிகிச்சை செய்யவேண்டிய இடமே சுடுகாடு ஆயிற்று. அன்று குடியரசு தினம், வகுப்பு இல்லை. அதனால் வகுப்பறைக்குள் சாகவேண்டிய எத்தனையோ பிள்ளைகள் தப்பித்தார்கள். அஞ்சார் பிள்ளைகளுக்கோ அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கொடி பிடித்து ஊர்வலமாகக் குறுகலான சந்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் மீது இரண்டு பக்கத்து வீடுகளும் சரிந்தன. 2005 அக்டோபர் 8-ந்தேதி காஷ்மீர் பூகம்பம் காலை வகுப்பு நேரத்தில் வந்தது. பாகிஸ்தான் பகுதியில் மட்டும் பல ஆயிரம் மாணவர்கள் வகுப்பறையிலேயே மடிந்தார்கள்.

"அதெல்லாம் இமயமலைப் பக்கம். தட்சிணம் கெட்டியான பாறை" என்று சமாதானம் சொல்கிறவர்கள் லாத்தூரை மறந்துவிட்டார்கள். அதுவும் இதே தட்சிணப் பாறைதான். ஆபத்து மிகக் குறைவு என்று வரைபடத்தில் குறித்து வைத்திருந்த இடம். 1993 செப்டம்பர் 30-ந்தேதி விடிவதற்கு முன்னால் 6.2 அளவில் ஆடியது. ஆயிரக்கணக்கில் பிணங்கள்! அவர்களைக் கொன்றது பூமியா? இல்லை. மண்சாந்து வைத்து அடுக்கிய கல் சுவரும், அதன் மேல் ஏற்றிய பாரமான கூரையும்தான் கொன்றன.

வேலூரில் வந்தது 3.6தான். லாத்தூரில் வெளிப்பட்ட சக்தி அதைப்போல சுமார் 8 ஆயிரம் மடங்கு. ஆகவே பீதி கிளப்பவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கோயமுத்தூர்ப் பக்கம் 1900-ம் ஆண்டிலேயே 6 அளவுக்கு ஆடியிருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுவைக் கடலில் 5.5 அளவில் வந்து சென்னை வரை குலுக்கியிருக்கிறது. 2002-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு விதிகளைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. வேலூரையும் மூன்றில்தான் வைத்தது.

அந்த விதியில் இன்னொரு சங்கதியும் இருந்தது. சாதாரண வீட்டைப்போல ஒன்றரை மடங்கு ஆட்டத்தைத் தாங்கும்படி பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் கட்டவேண்டும். காகிதத்தில் ஜோர்! விதி வருவதற்கு முன் கட்டிய கட்டடங்கள்? அதற்குப் பின் கண்டிராக்டர் கட்டியதில் கம்பி கணக்குப்படி விழுந்ததா, சிமெண்டு கணக்குப்படி விழுந்ததா? யார் போய்ப் பார்த்தார்கள்?

2021 டிசம்பர் 17-ந்தேதி நெல்லையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் பலியானார்கள். அங்கே பூகம்பம் எதுவும் வரவில்லை. சுவர் தானாகவே விழுந்தது! உடனே தமிழ்நாடு முழுக்கச் சோதனை. பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு. நல்ல காரியம்தான். ஆனால் "இன்றைக்கு நிற்குமா?" என்பது ஒரு கேள்வி. "ஆட்டினால் நிற்குமா?" என்பது வேறு கேள்வி. நேற்று சுண்ணாம்பு அடித்துப் பளபளவென்று நிற்கும் கட்டடமும் இரண்டாவது கேள்வியில் கோட்டை விடலாம்.

இதைக் கண்டுபிடிக்க மந்திரம் தேவை இல்லை. விஷயம் தெரிந்த ஒரு என்ஜினீயர் கட்டடத்தைச் சுற்றி நடந்தாலே முக்கால்வாசி புரிந்துவிடும். கல்லா, செங்கல்லா, கான்கிரீட் தூணா? ஜன்னல் மட்டத்தில் நாலு பக்கமும் கான்கிரீட் பட்டை ஓடுகிறதா? மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எப்படியோ, அப்படித்தான் சுவருக்கு அந்தப் பட்டை. அது இல்லாவிட்டால் ஆட்டத்தில் மூலை பிரிந்து சுவர் வெளியே சாயும். கீழ்த்தளம் முழுக்கத் தூண் மட்டும் நிற்கிறதா? கைப்பிடிச் சுவர் சும்மா நிற்கிறதா? இப்படிப் பார்த்து மார்க் போடுவார். மார்க் குறைந்த கட்டடத்தை மட்டும் நிபுணர் வந்து தீரச் சோதித்தால் போதும்.

இடித்துவிட்டுத்தான் கட்டவேண்டும் என்பதும் இல்லை. மூலைகளில் கம்பி வலை வைத்துச் சிமெண்டு பூசலாம். பட்டை இல்லாத சுவருக்கு வெளியிலிருந்து பட்டை கட்டலாம். புதுக் கட்டடத்துச் செலவைப் பார்த்தால் இது கால்தூசு.

ஆஸ்பத்திரியில் செய்யவேண்டிய சில வேலைகளுக்குச் செலவே கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டவேண்டும். மருந்து பீரோவை ஆணி அடித்து நிறுத்தவேண்டும். ஜெனரேட்டரை இறுக்கவேண்டும். கட்டடம் நின்று, உள்ளே மருந்தும் கரண்டும் போனால் அந்த ஆஸ்பத்திரியால் யாருக்கு லாபம்?

ஒரு டவுன்பஸ் ரோட்டில் ஓடவேண்டுமானால் எப்.சி. வேண்டும். தனியார் பள்ளிக்கூடம் நடத்தக் கட்டட உறுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். சர்க்கார் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாசலிலேயே ஒரு போர்டு எழுதி வைக்கட்டும். எந்தத் தேதியில் சோதித்தார்கள், எத்தனை மார்க், என்ன ரிப்பேர் பாக்கி என்று ஆட்டுச் சந்தைக்கு வருகிறவனும் படித்துக்கொள்ளட்டும். காவலூரில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரத்தை ஆராய்கிற மலை இது. அதே மலையின் அடிவாரத்தில் ஒரு பள்ளிச் சுவரை ஆராய ஆள் இல்லையா?

மே மாதம் பள்ளிக்கூடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. மலைப் பள்ளிகளில் தொடங்கி ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வரலாம். எந்த என்ஜினீயர், எந்தத் தேதியில், எந்தப் பள்ளிக்கு என்கிற பட்டியலைப் பொதுப்பணித் துறையும் கலெக்டர் ஆபீசும் ஏப்ரலிலேயே வெளியிடட்டும்.