வில்லை அளக்கும் கோல் எவருடையது?

ஒரு கருவியின் அருமை, அதனைச் செய்தவன் நின்ற நிலத்தில் வைத்துப் பார்க்கும்போதே விளங்கும். அதனைப் பெயர்த்தெடுத்து, வேறொருவன் முற்றத்தில் நிறுத்தி, அவன் கோலால் அளந்தால், சிறந்ததும் சிறுத்துத் தோன்றும். வில்லின் நீளம் பற்றி விற்கலை வல்லார் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். நெடுவில்லே குறி தப்பாதது. குறுவில் சிறார் விளையாட்டுக்கே உரியது என்பார் ஒருசாரார். குறுவில்லே விரைவுடையது, நெடுவில் காட்டுக்கு உதவாது என்பார் மற்றொருசாரார். இருசாராரும் வில்லைப் பார்க்கின்றனரேயன்றி, அவ்வில் எந்நிலத்தில், எதன்பொருட்டு, எவர் கையில் வளைந்தது என்பதைப் பார்ப்பதில்லை.

நீளம் வில்லில் செய்யும் வேலை யாதென முதற்கண் அறிதல் வேண்டும். நாணை இழுக்குங்கால் அது விரல்களிடத்தே மடிந்து ஒரு கோணமாகிறது. வில் நெடிதாயின் அக்கோணம் விரிந்து நிற்கும்; குறிதாயின் ஒடுங்கி விரல்களை நெருக்கும். நெருக்குண்ட விரல்கள் ஒருசேர விடுபடா. ஒருவிரல் முந்த, ஒருவிரல் பிந்த, நாண் பக்கவாட்டில் உதறுண்டு அம்பின் செலவு கோணிப்போகும். இஃது ஒன்று.

கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தன் நெடுங்கழையொன்றைக் குறுக்கே ஏந்துவது எற்றுக்கு? நீண்ட கழை எளிதில் திரும்பாது. சிறு தடுமாற்றத்தைத் தான் ஏற்று அவனை நிலைநிறுத்தும். நெடுவில்லும் அவ்வாறே கையின் நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். எய்பவன் பிழையைப் பொறுக்கும் பெருமை அதற்குண்டு. இஃது இரண்டு.

நெடுவில்லின் இழுவிசை படிப்படியாக ஏறும். குறுவில்லோ இழுப்பின் இறுதியில் திடுமென இறுகும். இறுகும் அவ்விடத்தில் ஒரு விரற்கடை கூடினும் குறையினும் அம்பின் விரைவு மாறும். தொலைக்குறியாயின் மேலோ கீழோ சென்று தைக்கும். இஃது மூன்று.

இவற்றோடு மரத்தின் இயல்பையும் சேர்த்தெண்ணுக. வெறும் மரத்தாலாகிய வில்லை அதன் நீளத்தில் ஏறத்தாழப் பாதியளவுக்கே அச்சமின்றி இழுக்கலாம். மிகுத்து இழுப்பின் வயிற்றுப்புறம் நொறுங்கும், அன்றி முதுகுப்புறம் பிளக்கும். ஆகவே, காதளவும் நாணை இழுத்துக் கனத்த அம்பைத் தொலைவுக்கு விடவேண்டுமாயின் வில் நெடிதாதல் இன்றியமையாதது. 1545-இல் கடலில் மூழ்கி 1982-இல் மேலெடுக்கப்பட்ட 'மேரி ரோசு' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட யூமர விற்கள் கிடைத்தன. அவற்றின் நீளம் 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை. ஆள் உயரத்தையும் விஞ்சிய விற்கள் அவை. நின்ற நிலையில், அணிவகுத்து, எதிர்ப்படையின்மேல் கணைமாரி பெய்தற்கு அந்நீளம் முற்றும் பொருந்தியதே.

ஆயினும் நீளத்திற்கும் ஒரு விலையுண்டு. நாண் விடுபட்டதும் வில் தான் தேக்கிவைத்த ஆற்றல் முழுவதையும் அம்புக்கு ஈவதில்லை; தன் இரு கைகளை முன்தள்ளவும் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. கை நீண்டு கனத்தால் அச்செலவும் மிகும். புதரிடையே நெடுவில்லின் நுனி கிளையில் சிக்கும். குந்தியிருந்து எய்யப் புகின் கீழ்முனை நிலத்தில் தட்டும். குதிரைமேலிருந்து எய்வானுக்கு இடையூறு சொல்ல வேண்டுவதில்லை. வட அமெரிக்கச் சமவெளி மாந்தர் காட்டெருமையை அடுத்துக் குதிரையோட்டிச் சென்று அண்மையிலிருந்து எய்தனர். அதற்கேற்பவே குறுவில் கொண்டனர். சப்பானியரோ இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வில்லையே குதிரைமேலும் ஆண்டனர். கீழிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் பிடியை அமைத்து, கீழ்க்கையைக் குறுக்கி, மேற்கையை நீட்டிக்கொண்டமையால் அஃது இயன்றது. நீளம் ஒன்றே வில்லின் தகுதியைத் தீர்ப்பதாயின் இவ்விரு தீர்வுகளும் எழுந்திருக்குமா?

இனி, இவ்வழக்கின் உள்ளீட்டை உணர்த்த வல்ல ஒரு வாழ்க்கை உண்டு. கலிபோர்னியாவின் வடபகுதி மலைக்காடுகளில் வாழ்ந்தவர் யாகி மக்கள். 1848-இல் அந்நாட்டில் பொன் கண்டுபிடிக்கப்பட்டதன்பின் வந்து குவிந்த வெள்ளையர் அவர்களை வேட்டையாடிக் கொன்றனர். எஞ்சிய சிலர் நாற்பதாண்டுக்காலம் மலைப்பிளவுகளில் மறைந்து வாழ்ந்தனர். சுடுகலன் ஒலித்தால் இருப்பிடம் வெளிப்படும், வில்லுக்கோ ஓசையில்லை. ஆகவே வில்லே அவர்களுக்கு உணவாயிற்று, வில்லே மறைப்புமாயிற்று. 1908-இல் நிலமளக்க வந்தோர் அவர்களின் மறைவிடத்தைக் கண்டு, அங்கிருந்த கருவிகளையும் உடைமைகளையும் அள்ளிச் சென்றனர். அதன்பின் எஞ்சியவன் ஒருவனே. 1911-இல் ஓரோவில் என்னும் ஊரில், விலங்கறுக்கும் களமொன்றில், பசியால் மெலிந்து அவன் வெளிப்பட்டான். தன் பெயரை அவன் எவரிடமும் சொல்லவில்லை. 'மாந்தன்' எனப் பொருள்படும் 'இசி' என்னும் அவன் மொழிச்சொல்லே அவனுக்குப் பெயராக வைக்கப்பட்டது.

சான் பிரான்சிசுகோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த இசியிடம் விற்கலை பயின்றார் சாக்சுடன் போப் என்னும் மருத்துவர். இசியின் வில் ஏறத்தாழ 3½ அடியே நீளமுடையது. அதன் நீளத்தை அளக்க அவனிடம் மரக்கோலும் இல்லை, இரும்புக்கோலும் இல்லை. வலக்கையை இடுப்பில் ஊன்றி, இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டி, அவ்விரு கைகட்கும் இடைப்பட்ட தொலைவை வில்லின் நீளமாகக் கொண்டான். அவன் உடம்பே அவனுக்கு அளவுகோல். அத்துணைக் குறிய வில்லைப் பாதிக்கும் மேற்பட்டு இழுத்தும் அது முறியவில்லை. கரணியம் யாது? மானின் தசைநாரை மென்று பதமாக்கி, மீன்தோல் காய்ச்சிய பசையால் வில்லின் முதுகில் படியப்படிய ஒட்டியிருந்தான். மரம் தாங்காத நீட்சியைத் தசைநார் தாங்கும். இயற்பியல் நூல் கல்லாத ஒருவன் கண்ட தீர்வு இது.

போப் பல நாட்டு விற்களைத் தொகுத்து எய்து பார்த்து, அவற்றின் இழுவிசையையும் அம்பு சென்ற தொலைவையும் குறித்து 1923-இல் வெளியிட்டார். தாமும் ஆங்கில முறை நெடுவில்லையே கைக்கொண்டார். தொலைவே அளவாயின் இசியின் வில் பின்தங்கியதே. வட்டப் பலகையை நட்டுவைத்து எய்தபோதும் இசி பெரிதாக விளங்கினானல்லன். ஆனால், காட்டுக்குள் புகுந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. குந்தியமர்ந்து, வில்லை மார்புக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்து, பெருவிரலால் நாணை ஈர்த்து, பத்திருபது கோல் தொலைவில் சிற்றுயிரையும் பிழையாது வீழ்த்தினான். வேட்டைக்கு முன் புகைப்பதை விட்டு நீராடினான். தன் மெய்நாற்றம் மானுக்கு எட்டலாகாது என்பதற்காக. விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி, இடர்ப்பட்ட முயற்குட்டிபோல் ஒலியெழுப்பி, விலங்கைத் தன் பக்கலுக்கே வரவழைத்தான்.

இங்கேதான் உண்மை விளங்குகிறது. நெடுவில் தொலைவை வெல்லும் கருவி. குறுவில் தொலைவை முன்னரே வென்றுவிட்டவனின் கருவி. அண்மையில் நின்று எய்பவனுக்கு நெடுவில்லின் பொறுமை அத்துணை வேண்டுவதில்லை. புதருக்குள் ஓசையின்றி வளையும் சிறு வில்லே வேண்டும். குறுவில்லின் குறை அவன் கால்நடையாலும் மூச்சடக்கத்தாலும் பொறையாலும் நிரப்பப்பட்டது. அந்நிரப்பம் எந்த அளவுகோலிலும் பதியவில்லை, பதியவும் பதியாது. அதனால் அஃது இல்லை என்றாகுமா?

நாணேற்றியவாறு விட்ட வில்லும் நிமிர்த்தி வைத்த வில்லும் களைத்துப்போகும், எய்யாதபோது அதனைப் படுக்கவைத்தல் வேண்டும் என்பது இசியின் கொள்கை. கேட்பார்க்கு இது நம்பிக்கையாகத் தோன்றலாம். ஓயாது வளைந்துநிற்கும் மரம் அவ்வளைவிலேயே நின்று விசை குன்றும் என்பது வில் செய்வார் அனைவரும் அறிந்தது. அறிவை அவன் தன் மொழியில் சொன்னான். வேறு மொழி அவனுக்குத் தாய்மொழி அன்று. வேறு சொல் அவனுக்கு வேண்டியதும் அன்று.

1915-இல் எட்வர்டு சபீர் என்னும் மொழியறிஞர் இசியோடமர்ந்து யாகி மொழியை எழுதிக்கொண்டார். 1916-இல் இசி என்புருக்கி நோயால் மாண்டான். அவனோடு யாகியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி நாவும் அடங்கிற்று. அவன் செய்த விற்கள் அருங்காட்சியகத்தில் உள்ளன. நீளம் தெரியும், எடை தெரியும், இழுவிசை தெரியும். எத்தசைநார் எப்பதத்தில் நல்லது, எக்காற்றில் எப்பக்கம் ஒதுங்குவது, எவ்வொலிக்கு எவ்விலங்கு செவிசாய்க்கும் என்று பாட்டன் பெயரனுக்கு உரைத்த சொற்களில், அவன் வாய்வழி வந்து ஏட்டில் ஏறியவை சிலவே. ஏறாதவற்றை எந்த ஆய்வுக்கூடம் மீட்டுத் தரும்?

கருவி கைப்பட்டுவிட்டால் கலையும் கைப்பட்டதாக எண்ணுவது பெரும்பிழை. கலை உறைவது அதனைப் பயின்ற மக்களின் உடம்பில். அது வழங்குவது அம்மக்களின் மொழியில். மக்களை அழித்துவிட்டு வில்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் போற்றுவார் போற்றுவது கட்டையையே. அதன் உயிரை நாணறுத்தவரும் அவரே.

ஆகவே, பிறர் வில் குறிது என்று நகைப்பார் முதலில் தம் கையிலுள்ள கோலை நோக்குக. தம் வில் குறிது என்று நாணுவாரும் நோக்குக. அக்கோல் எவர் நிலத்தில், எவ்வேட்டைக்காக வெட்டப்பட்டது என்று வினவுக. தன் கையை நீட்டித் தன் வில்லை அளந்துகொண்ட யாகி மாந்தன் ஒருநாளும் அளவு பிழைத்தானல்லன்.