கம்பெனிக்கு முதுகு வலிக்காது

குப்புறப் படுத்திருப்பவனிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. அதிலும் அவன் இடுப்பில் நாலு பேடை ஒட்டி, கரண்ட்டையும் விட்டுவிட்டு.

"மாப்ள, நீ பி.காம்.தானே? நம்ம கிளினிக்கைக் கம்பெனியாக்கிரலாமா?" என்று கேட்டான் என் சிநேகிதன். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பிஸியோதெரபி கிளினிக் வைத்திருப்பவன். என் முகம் மெத்தையின் ஓட்டைக்குள் இருந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் சுருக்கென்று ஏற, "ம்ம்!" என்றேன். வலியில் வந்த 'ம்ம்' அது. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். தமிழ்நாட்டில் பல கல்யாணங்கள் இப்படித்தான் நிச்சயமாகின்றன.

எனக்கு ஏன் முதுகுவலி என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் கேள்விக்குறி மாதிரி உட்கார்ந்து எழுதுகிற பிழைப்பு. நீங்கள் மட்டும் என்னவாம்? ஆபீஸ் நாற்காலியில் சரிந்துகொண்டுதானே இதைப் படிக்கிறீர்கள். கொஞ்சம் நிமிருங்கள், சார்.

அவனுடைய ஆசைக்குக் காரணம் ஒரு போட்டோ. கூடப் படித்தவன் நியூயார்க்கில் கிளினிக் வைத்து, போர்டில் பெயருக்குப் பின்னால் 'பி.சி.' என்று போட்டு அனுப்பியிருந்தான்.

"பி.சி.ன்னா போலீஸ் கான்ஸ்டபிளாடா?" என்றேன்.

"புரொபஷனல் கார்ப்பரேஷன்டா, வெண்ணெய்."

விசாரித்ததில் விஷயம் சுவாரஸ்யம். நியூயார்க் சட்டப்படி அப்படிப்பட்ட கம்பெனியில் பங்கு வாங்க அந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். கையில் காசு இருக்கிறது என்பதற்காக மளிகைக் கடைக்காரர் பங்கு வாங்கிவிட முடியாது. இன்னொன்று: கம்பெனி என்று போர்டு மாட்டினாலும், சொந்தக் கையால் செய்த தப்புக்குச் சொந்தக்காரர்தான் பொறுப்பு. நம் நாட்டில் பிஸியோவுக்கென்று இப்படித் தனி வகைக் கம்பெனி கிடையாது. 2021-ல் வந்த மத்திய சட்டம் பிஸியோதெரபிஸ்ட்டுகளுக்கு ஒரு பதிவேடு வைக்கச் சொல்கிறது. அதில் ஏறுவது ஆள்தான், கம்பெனி இல்லை.

"சரி, இருக்கிறதுல ஒண்ணைச் சொல்லு" என்றான்.

நான் கல்லூரியில் கடைசி பெஞ்ச். ஆனாலும் ஒரு வழக்கு மட்டும் மறக்கவில்லை. லண்டனில் சாலமன் என்று ஒரு பூட்ஸ் வியாபாரி. 1892-ல் தன் கடையைக் கம்பெனியாக்கினார். மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. தனக்கு 20,001 பங்கு! கம்பெனி நொடித்தது. 'கடன்காரர்களுக்கு இவர்தானே பதில் சொல்ல வேண்டும்?' என்று கோர்ட்டில் கேட்டார்கள். 1896-ல் பிரபுக்கள் சபை சொன்னது: சாலமன் வேறு, சாலமன் கம்பெனி வேறு. அன்றிலிருந்து கம்பெனி ஒரு தனி ஆள். சொத்து வாங்கும், கடன் படும், வழக்குப் போடும். முதுகு மட்டும் வலிக்காது.

நம் ஊரில் 2013 கம்பெனிச் சட்டம் ஒருபடி மேலே போய், ஒரே ஆள் கம்பெனி வைக்கலாம் என்றது. ஒரு நாமினியின் பெயர் மட்டும் கொடுக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு பேர். ஒரு லட்சமாவது மூலதனம் வேண்டும் என்ற நிபந்தனையையும் 2015-ல் எடுத்துவிட்டார்கள்.

"பிரமாதம்! போட்டுர வேண்டியதுதானே?"

இங்கேதான் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சில வருஷத்துக்கு முன்னால் ரூம்மேட்டுடன் சேர்ந்து விளம்பர வாசகம் எழுதித் தர ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்தேன். எட்டு மாதத்தில் மூடிவிட்டோம். அதாவது, ஆபீஸ் கதவை மூடினோம். கம்பெனியை மூடவில்லை. அது தனி ஆள் ஆயிற்றே, அது பாட்டுக்கு உயிரோடு இருந்திருக்கிறது. வருஷக் கணக்குக்கு ஒரு படிவம், வருஷ விவரத்துக்கு ஒரு படிவம். தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். நான் விழித்துக்கொண்டபோது 210 நாள் ஓடியிருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 42,000 ரூபாய். அந்தக் கம்பெனி பிறந்ததிலிருந்து சம்பாதித்தது 11,500. தப்பு முழுக்க என்னுடையது. வியாபாரமே நடக்காவிட்டாலும் கம்பெனி என்றால் ஆடிட்டர் கட்டாயம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பி.காம்., முதல் வகுப்பு.

சிநேகிதன் முகம் லேசாகச் சுருங்கியது. "வரியாவது குறையுமில்ல?"

அதையும் கெடுத்தேன். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறையில் தனி ஆளின் தொழில் வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 22 சதவீதம். சர்சார்ஜ், செஸ் சேர்ந்தால் 25-ஐத் தாண்டும். மிச்சத்தை டிவிடெண்டாக வீட்டுக்கு எடுத்து வந்தால், உங்கள் வருமானத்தில் அது மறுபடி தலைகாட்டும்.

"கிளினிக்ல ஏதாவது பிரச்னைன்னா வீடு தப்பிக்குமே?"

பாதி உண்மை. வாடகை பாக்கி, கம்பெனி பேரில் மெஷின் வாங்கிய பாக்கி, இதற்கெல்லாம் தப்பிக்கும். ஆனால் சின்னக் கம்பெனிக்கு லோன் தரும்போது பேங்க் பெரும்பாலும் முதலாளியிடம் தனி ஜாமீன் கேட்கும். போட்டால் வீடு மறுபடி சந்திக்கு வரும். அப்புறம், மெழுகு ஒத்தடத்தில் ஒருவர் கை வெந்துபோனால்? காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவைதான் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. ஒத்தடம் கொடுத்த கை யாருடையதோ, அவரைத்தான் முதலில் கேட்பார்கள். சாலமனுடைய பூட்ஸை யார் வேண்டுமானாலும் தைக்கலாம். இவன் தொழிலோ இவனுடைய பத்து விரலில் இருக்கிறது.

அந்த விரல்களை நம்பித்தான் ஊர் வருகிறது. மில்லில் எட்டு மணி நேரம் நின்றவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஊரார் காயத்துக்கெல்லாம் துணி நெய்கிறவர்களின் தோளுக்குக் கட்டுப்போட முடியாது, பாருங்கள். பயிற்சிதான் கொடுக்க முடியும்.

கூட்டம் தாங்காமல்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டாவது கிளினிக். இடம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக பஸ் ஏறினோம். நான், அவன், அவன் மனைவி. அவரும் பி.பி.டி.தான், ஒரே காலேஜ். பெண் நோயாளிகள் எல்லாரையும் அவர்தான் பார்க்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக் அவர் பொறுப்பில்தான் வரப்போகிறது.

தேரடிக்குப் பக்கத்தில் இடம் பார்த்துவிட்டு, ஆளுக்கு நூறு கிராம் பால்கோவாவுடன் ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். சிநேகிதன் ஒரே ஆள் கம்பெனியின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இந்தக் கம்பெனில நான் யாரு?"

"நாமினிம்மா" என்றேன்.

"அப்படின்னா?"

"அது வந்து... இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"அதாவது, அவர் செத்தாத்தான் நான் வருவேன்."

பால்கோவா தொண்டையில் நின்றது. அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒன்பது வருஷமா பாதிப் பேரை நான்தான் பாக்கறேன். பில்லுல அவர் பேரு. பேங்க் ஃபார்ம்ல என் தொழில் 'ஹவுஸ்வைஃப்'. லோனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் என்னோடது. கடன்ல நான் இருக்கேன், கிளினிக்ல இல்லை. இதுக்கு உங்க படிப்புல ஏதாவது பேரு இருக்கா அண்ணே?"

இருந்தது. வாயில்தான் வரவில்லை. சிநேகிதன் பால்கோவா காகிதத்தை மடித்துக்கொண்டேயிருந்தான். தொழிலில் யாருக்கு என்ன பங்கு என்பதை ஒன்பது வருஷமாக நாங்கள் ஒரு காகிதத்திலும் எழுதவில்லை. கம்பெனிச் சட்டத்தால் வரி மிச்சமாகிறதோ இல்லையோ, அதை எழுத வைக்கிறது. அவ்வளவு நாளும் அது எனக்குத் தோன்றவேயில்லை.

திரும்பும் பஸ்ஸில் கல்லூரியின் இன்னொரு வழக்கு ஞாபகம் வந்தது. நியூசிலாந்தில் லீ என்று ஒருவர். விமானத்தில் பறந்து வயலுக்கு உரம் தூவுகிற தொழில். கம்பெனியின் 3,000 பங்கில் 2,999 அவருடையது. முதலாளியும் அவரே, சம்பளத்துக்கு விமானம் ஓட்டியவரும் அவரே. 1956-ல் விமானம் விழுந்து இறந்துபோனார். 'முதலாளி எப்படித் தொழிலாளி ஆவார்?' என்று வழக்கு. கம்பெனி வேறு, லீ வேறு, அதனால் லீ தொழிலாளிதான் என்று 1960-ல் பிரிவி கவுன்சில் சொன்னது. அவர் மனைவி கேட்ட நஷ்டஈட்டுக்கு அதுதான் வழி திறந்தது. காகிதத்தில் எழுதியிருந்ததால் வந்த உரிமை.

இவ்வளவு தூரம் போவானேன்? 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1962-ல் அவர் காலமானார். கம்பெனி இன்றும் இருக்கிறது.

மறுவாரம் ஆடிட்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "தொழில் பாக்கறது எத்தனை பேர்?"

"ரெண்டு" என்றான் சிநேகிதன். இந்தத் தடவை உடனே சொன்னான்.

"அப்ப எல்.எல்.பி. போடுங்க."

2008 சட்டம். குறைந்தது இரண்டு பங்குதாரர். ஒருவர் போனாலும் நிறுவனம் போகாது, ஆனால் ஆறு மாதத்துக்குள் இன்னொருவரைச் சேர்க்க வேண்டும். விற்றுமுதல் 40 லட்சத்தையோ, போட்ட முதல் 25 லட்சத்தையோ தாண்டாதவரை இந்தச் சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. லாபத்துக்கு வரி 30 சதவீதம் என்றாலும், சட்டம் சொல்லும் அளவுக்குள் இரண்டு பேரும் சம்பளம் எடுத்துக்கொள்ளலாம். அது செலவுக் கணக்கில் கழியும். அவரவர் செய்த தப்புக்கு அவரவர் பொறுப்பு. ஒருவர் தப்புக்கு மற்றவர் சொந்தச் சொத்து போகாது. அந்த நியூயார்க் பி.சி.க்கு ஏறக்குறைய நம் ஊர்த் தம்பி. ஆனால் இதிலும் படிவம் தாமதமானால் அபராதம் உண்டு. நான் முதல் வேலையாகத் தேதிகளைக் கிளினிக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

ஒப்பந்தத்தில் ஆளுக்குப் பாதி. பழைய பேங்க் ஃபார்மைத் திருத்திக் கொடுத்தபோது, தொழில் என்ற கட்டத்தில் அவர் பிஸியோதெரபிஸ்ட் என்று எழுதினார். எழுதிவிட்டு, இரண்டு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் மறுபடி முதுகு பிடித்துக்கொண்டது. அவன் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தான். அவர்தான் பேடை ஒட்டி கரண்ட் விட்டார். வலி இறங்கியதும் எழுந்து, உரிமையோடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"அண்ணே, 300 ரூபா."

"என்னம்மா, இத்தனை வருஷப் பழக்கம்..."

"அது அவரோட பழக்கம்ணே. இப்ப இது எல்.எல்.பி. தனி ஆள்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு சிநேகிதங்க யாரும் கிடையாது."

கொடுத்தேன். பில்லும் வாங்கிக்கொண்டேன். கீழே அவருடைய கையெழுத்து இருந்தது.