தாதியின் வினா

மருத்துவர் கட்டளையைத் தாதி வினவுதல் அடக்கமின்மையாம் என்பார் நம்மிடையே இன்னும் பலர் உளர். அவ்வபிப்பிராயத்தை நாம் ஏற்கிலோம்.

அமெரிக்காவில் ஹாஃப்லிங் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையைக் காண்க. முன்பின் அறியாத ஒருவர், தம்மை மருத்துவரெனக் கூறித் தொலைபேசி வாயிலாக 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கப் பணித்தார். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமே உச்ச அளவென்று மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. எனினும் 22 தாதியருள் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டனர்! பெட்டியிலிருந்தது வெறும் சர்க்கரையாதலின் எவர்க்கும் தீங்கில்லை. பின்னர் 1977-இல், தாதியர் நன்கறிந்த மருந்தைக்கொண்டு, தோழியரோடு கலந்து பேசவும் இடமளித்துச் சோதித்தபோது 18 பேருள் இருவரே அவ்வாறு பணிந்தனர். ஆதலின் குறை தாதியர் குணத்திலன்று, அவரைப் பேசவொட்டாத வழக்கத்திலேயே உளது என்பது நம் துணிபு.

மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை உண்ணத்தக்க மெதோட்ரெக்சேட் மாத்திரையை நாடோறும் உண்ணுமாறு கைதவறி எழுதிவிட்டால், அஃது உயிர்க்கே உலையாகும். சித்தேரி மலையினின்று தருமபுரிக்கு இறங்கிவரும் நோயாளி அச்சீட்டை எங்ஙனம் ஆராய்வார்? "ஐயா, வாரத்திற்கு ஒருமுறையன்றோ?" என்று கேட்கவல்லவர் அருகில் நிற்கும் தாதியே. அங்ஙனம் ஐயுற்ற மருந்தை, மருத்துவர் விடை பகருமளவும் நிறுத்திவைக்கும் உரிமையை மருத்துவமனைகள் அவர்க்கு எழுத்திலேயே அளித்தல் வேண்டும்.