சாவி கையில் இருக்கிறது, உறுதி யாரிடம்?

"காசு கொடுத்துத்தானே வாங்கினோம், களவா எடுத்தோம்?" மடவளை பஸாரிலும் கண்டி நகரத்துக் கணினிக் கடைகளிலும் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் வாசகம் இது. இருபது வருடங்களுக்கு முன்னர் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு விண்டோஸ் இறுவட்டு விற்றவருக்கும் அது களவுப் பிரதி என்பது தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். இருவரில் எவரும் உத்தமர் வேடம் பூணவில்லை.

இன்று வேடம் வந்துவிட்டது. முகநூலில் விளம்பரம் வருகிறது. பணத்தை வங்கியில் வைப்புச் செய்தால் வட்ஸ்அப் வழியே இருபத்தைந்து எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு தொடர் வந்து சேருகிறது. அதுதான் "கீ". ஒரிஜினல், வாழ்நாள் உரிமம், நூறு வீத உத்தரவாதம் என்றெல்லாம் அதற்கு அடைமொழிகள். விலை இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் ரூபாய். விண்டோஸ் 11 ப்ரோவுக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அமெரிக்காவில் குறித்திருக்கும் சில்லறை விலையோ 199 டொலர். டொலரை 300 ரூபாயாக வைத்துக் கணக்கிட்டாலும் அறுபதாயிரம் ரூபாயை நெருங்குகிறது. அறுபதாயிரத்தின் பொருளை மூவாயிரத்துக்குக் கொடுப்பவர் நமக்குத் தர்மமா செய்கிறார்?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மலிவுக் கீ, பழைய களவு இறுவட்டை விட மோசமானது. இறுவட்டு வாங்கியவர் தன்னையாவது ஏமாற்றிக்கொள்ளவில்லை. கீ வாங்குபவர் பணத்தையும் கொடுத்து, உரிமையும் பெறாமல், மனச்சாட்சிக்கு ஒரு பொய்யையும் ஊட்டுகிறார்.

அடிப்படை விடயம் ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கீ வேறு, உரிமம் வேறு. ஒருவருடைய வீட்டுச் சாவி எப்படியோ நம் கைக்கு வந்தால் கதவைத் திறக்கலாம், உள்ளே படுத்துறங்கவும் செய்யலாம். அதனால் காணி உறுதி நம் பெயருக்கு மாறிவிடுமா? கணினித் திரையில் "செயற்படுத்தப்பட்டது" என்று தோன்றுவது கதவு திறந்ததற்கான அடையாளம் மட்டுமே. நிறுவனத்தின் இயந்திரம் அந்த எழுத்துத் தொடரை ஏற்றுக்கொண்டது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

அப்படியானால் இந்தச் சாவிகள் எங்கிருந்து வருகின்றன? ஊற்றுக்கண்கள் பல.

முதலாவது, கணினி தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாக, மிகக் குறைந்த விலையில் வழங்கப்படும் உரிமங்கள். இவை முதன்முதலில் பொருத்தப்படும் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டவை. அந்த இயந்திரம் பழுதடைந்து கழிவாகும்போது நிறுவனத்தின் நிபந்தனைப்படி உரிமமும் அதனோடு முடிந்துவிடுகிறது. கழிவுக் கணினிகளிலிருந்து சுரண்டியெடுத்த கீக்களே பல இணையக் கடைகளின் சரக்கு.

இரண்டாவது, பெரிய நிறுவனங்களுக்கான தொகுதி உரிமங்கள். ஒரே கீயைக் கொண்டு நூற்றுக்கணக்கான கணினிகளைச் செயற்படுத்தலாம். அந்த எண்ணிக்கையில் எஞ்சியிருப்பதை ஓர் ஊழியர் வெளியே கசியவிட்டால், ஒரே கீ நூறு பேருக்கு விற்கப்படும். நூற்றொராவது ஆள் புகார் செய்யும்போதோ, நிறுவனம் கசிவைக் கண்டுகொள்ளும்போதோ அந்தக் கீ முடக்கப்படும். இன்னொன்றும் உண்டு. விண்டோஸின் தொகுதி உரிமம் ஏற்கெனவே முறையான விண்டோஸ் உள்ள கணினியை மேம்படுத்துவதற்கு மட்டுமே உரியது. வெறும் கணினிக்கு அதை விற்பவர் இரட்டைப் பொய் சொல்கிறார்.

மூன்றாவது, நிரலாளர்களுக்குச் சோதனைக்காகவும் மாணவர்களுக்குக் கல்விக்காகவும் வழங்கப்படுபவை. இவற்றை மறுவிற்பனை செய்ய எவருக்கும் அனுமதி இல்லை. நான்காவது, விலை குறைந்த நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் விற்பது.

ஐந்தாவதுதான் அருவருப்பானது: திருடிய கடனட்டைகள். செக் நாட்டின் வூப் என்ற சிறிய நிறுவனம் 'ஃபக்டோரியோ' என்னும் கணினி விளையாட்டைத் தயாரித்து விற்கிறது. திருட்டு அட்டைகளால் அதன் கீக்களை வாங்கி, ஜி2ஏ என்ற இணையச் சந்தையில் சிலர் விற்றார்கள். அட்டையின் உண்மையான உரிமையாளர் முறையிட்டதும் வங்கி பணத்தைத் திருப்பிப் பெற்றுக்கொண்டது. நட்டம் வூப்பின் தலையில் விழுந்தது. விசாரணையின் முடிவில், 198 கீக்கள் முறையற்றவை என்பதை 2020 மே மாதம் ஜி2ஏ ஒப்புக்கொண்டு 39,600 டொலரைச் செலுத்தியது. விளையாட்டுக்கு நேர்ந்தது ஏனைய மென்பொருள்களுக்கு நேராது என்று எண்ண எந்த நியாயமும் இல்லை. மலிவாகக் கிடைத்தது என்று நாம் மகிழும் கீயின் மறுமுனையில், முகமறியாத ஒருவரின் பணம் பறிபோயிருக்கக்கூடும்.

"ஐரோப்பிய நீதிமன்றமே அனுமதித்திருக்கிறதே" என்பது விற்பனையாளர்களின் கடைசிக் கேடயம். அந்தத் தீர்ப்பு மெய்யானதுதான். ஒராக்கல் நிறுவனத்துக்கும் யூஸ்ட்சொப்ட் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2012 ஜூலை 3ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், காலவரையறையற்ற உரிமத்தோடு விற்கப்பட்ட மென்பொருளை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்றது. ஆனால் அதே தீர்ப்பு இரண்டு நிபந்தனைகளை வைத்தது. விற்பவர் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். பலருக்காகப் பெற்ற உரிமத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கக் கூடாது. வட்ஸ்அப் வியாபாரி இவ்விரண்டில் எதை நிறைவேற்றினார்? அமெரிக்காவிலோ, வேர்னருக்கும் ஓட்டோடெஸ்க் நிறுவனத்துக்கும் இடையிலான 2010ஆம் ஆண்டு வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாக, அங்கே நடந்தது விற்பனையே அல்ல, உரிமம் வழங்கல் மட்டுமே என்று தீர்த்தது. எப்படியாயினும் இவை கண்டி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல.

நம்மைக் கட்டுப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். உரிமையை மீறிய கணினி நிகழ்ச்சித்திட்டம் என்று தெரிந்திருந்தும், அல்லது அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தும், அதை வர்த்தக இலாபத்துக்காகப் பயன்படுத்துவதை அச்சட்டம் குற்றமாக்குகிறது. ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். "நம்புவதற்குக் காரணம்" என்ற சொற்களைக் கவனியுங்கள். இருபதில் ஒரு பங்கு விலை என்பதை விடப் பெரிய காரணம் வேறென்ன வேண்டும்? அச்சகம் நடத்துபவரும் கொம்யூனிகேஷன் கடைக்காரரும் தனியார் வகுப்பு நடத்துபவரும் இதை மனதிற்கொள்ள வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மடவளை வணிகத்தால் வாழும் ஊர், மார்க்கத்தை மதிக்கும் ஊர். கோழி இறைச்சியில் ஹலால் பார்ப்பவர்கள் கீயிலும் பார்க்க வேண்டாமா? சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை அவற்றின் சொந்தக்காரருக்கு உரியவை, ஷரீஆவின் பாதுகாப்புப் பெற்றவை, அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. தனக்குச் சொந்தமில்லாததை விற்கக் கூடாது என்பதும், கொடுக்கப்படும் பொருள் இன்னதென்று தெளிவில்லாத வியாபாரம் கூடாது என்பதும் நமது மத்ரஸா மாணவரும் அறிந்த வணிக விதிகள். எங்கிருந்து வந்தது, யாருடையது, எத்தனை நாள் நிற்கும் என்று விற்பவருக்கே தெரியாத சரக்கை இந்த விதிகளுக்குள் எப்படிப் புகுத்துவது?

மறுதரப்பின் வாதத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. 2022இல் டொலரின் பெறுமதி 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபோது நம் சம்பளங்கள் அப்படி ஏறவில்லை. அமெரிக்கச் சம்பளத்துக்கு ஏற்ப இட்ட விலையை வத்தேகமைப் பையனிடம் கேட்பது அநீதிதான். நிறுவனமும் ஒன்றும் அப்பாவியல்ல. 1998இல் வோஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசிய பில் கேட்ஸ், சீனர்கள் மென்பொருளைத் திருடுவதென்றால் தமது மென்பொருளையே திருடுவது நல்லது, அதற்கு அடிமையாகிவிடுவார்கள், பணத்தைப் பின்னர் அறவிட வழி காணலாம் என்ற கருத்துப்படப் பேசியது பதிவாகியிருக்கிறது.

ஆகவேதான் சொல்கிறேன், மலிவுக் கீ வாங்குவது அந்த நிறுவனத்துக்கு எதிரான கலகம் ஆகாது. அது அவர்கள் விரித்த வலையில் நாமே காசு கட்டி விழுவதாகும். பழக்கம் அவர்களுக்கு, மூவாயிரம் ரூபாய் இடைத்தரகருக்கு, பழி நமக்கு. நட்டம் இன்னொருவருக்கும் உண்டு. இந்த நாட்டில் கணக்குப் பதிவுக்கோ கடை நிர்வாகத்துக்கோ மென்பொருள் எழுதும் இளைஞர் பத்தாயிரம் ரூபாய் கேட்டால், "விண்டோஸே மூவாயிரம்தானே" என்று கேட்கிறோம். அவருடைய உழைப்புக்கு நாம் இடும் விலை அவ்வளவுதானா?

மாற்று வழி இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மடிக்கணினி வாங்கியபோதே விண்டோஸ் உரிமத்தோடு வந்திருந்தால் அந்தக் கீ இயந்திரத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். மீள நிறுவப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. முறையான விண்டோஸ் 10 உள்ள, தகுதியான வன்பொருள் கொண்ட கணினியில் விண்டோஸ் 11ஐ இலவசமாகவே ஏற்றலாம். தகுதியற்ற பழைய கணினிக்கு லினக்ஸ் இருக்கிறது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. அதன் இடைமுகம் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கிறது. இதெல்லாம் நமக்கு எட்டாத வித்தை என்று எவரும் சொல்ல முடியாது. 2004 சுனாமியின் பின்னர் இலங்கை நிரலாளர்கள் உருவாக்கிய 'சஹானா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் கட்டற்ற மென்பொருளே. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குத்தான் வழங்கியது.

விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் வாங்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். இது எந்த வகை உரிமம்? இதற்கு முன்னர் யாரிடம் இருந்தது? என் பெயரில் உரிம ஆவணமும் பற்றுச்சீட்டும் தருவீர்களா? நேர்மையான வணிகர் மூன்றுக்கும் விடை சொல்வார். மற்றவர், "வேலை செய்கிறதே, பிறகென்ன?" என்பார்.

களவுச் சாவியும் கதவைத் திறக்கத்தான் செய்யும். வேலை செய்வதெல்லாம் முறையாகிவிடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அந்தப் பாடத்தை அச்சடிக்கும் கணினியில் என்ன இருக்கிறது என்பதையும் சற்றுப் பார்த்துக்கொள்வோமாக.