விரல் நுனியில் ஒரு காந்தம்

விரல் நுனியின் தோலுக்கடியில் அரிசிமணி அளவிலான காந்தமொன்றைப் பதித்துக்கொள்ளும் வழக்கம் மேலைநாடுகளில் ஒரு சிறு கூட்டத்தாரிடையே இருபது ஆண்டுகளாக இருந்து வருகிறது. மின்மாற்றியையோ ஓடும் மோட்டாரையோ நெருங்கும்போது அந்தக் காந்தம் அதிர்கிறது. விரலின் நரம்புகள் அதிர்வை உணர்கின்றன. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத காந்தப்புலம் தொடுபுலனுக்கு எட்டிவிடுகிறது. தொல்காப்பியம் ஆறாவது அறிவாக மனத்தைச் சொல்லிற்று. இவர்கள் தேடுவது வேறோர் ஆறாவதை. அந்த ஆசையை நான் எள்ளி நகையாடமாட்டேன். என் கவலையெல்லாம் அந்தக் காந்தத்தின் மேற்பூச்சைப் பற்றியது.

இத்தகைய சிறு காந்தங்கள் நியோடைமியம், இரும்பு, போரான் ஆகியவற்றின் கலவை. வலிமை மிக்கவை, ஆனால் ஈரமும் உப்பும் பட்டால் எளிதில் அரித்துப்போகும். நம் உடலோ உப்புநீர். கடையில் வாங்கும் காந்தத்தின் மேலுள்ள நிக்கல் பூச்சு மேசைமேல் இருப்பதற்காகச் செய்யப்பட்டதே தவிர, சதைக்குள் இருப்பதற்காக அன்று. எனவே உடல் ஏற்கும் உறையொன்று தேவைப்படுகிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் க்வின் நார்ட்டன் 2005இல் சிலிக்கோன் பூசிய காந்தத்தை விரலில் வைத்துக்கொண்டார். சில மாதங்களில் உறை பழுதாகி, காந்தம் உள்ளேயே சிதைந்து, விரல் கறுத்தது. அதை அவரே எழுதியிருக்கிறார்.

தொழிற்சாலையில் இதற்கு வழியுண்டு. பேரிலீன் என்னும் பாலிமரை வெற்றிடக் கலத்துக்குள் ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். ஆவியாதலால் அது மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகப் படிகிறது. டைட்டானியம் நைட்ரைடு பூசுவதும் உண்டு. வீட்டில் செய்துபார்ப்பவர்கள் சிலிக்கோன், எபாக்சி, சூடாக்கி ஒட்டும் பசை ஆகியவற்றை நாடுகிறார்கள். காந்தத்தைத் திரவத்தில் தோய்த்து எடுத்தால், பரப்பு இழுவிசையால் அத்திரவம் கூரிய விளிம்பிலிருந்து விலகி நடுவில் திரள்கிறது. காவல் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் பூச்சு மெலிகிறது. ஊசிமுனை அளவு துளை போதும், அரிப்பு உள்ளே நுழைந்துவிடும். சரியாக இறுகாத எபாக்சியிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் தனித் தொல்லை. கிருமிநீக்கத்துக்குப் பிரஷர் குக்கரையும் நம்பமுடியாது. சாதாரண வகை நியோடைமியம் காந்தம் 80 டிகிரி வெப்பத்தைத் தாண்டினாலே வலிமை இழக்கத் தொடங்கும். நீராவிக் கிருமிநீக்கத்துக்கு வேண்டியதோ 121 டிகிரி.

இந்த வீட்டுச் சோதனைகளுக்கு ஆதரவாக ஒரு வாதம் சொல்லப்படுகிறது. மருத்துவத் தரம் என்பது பெருநிறுவனங்கள் விலையேற்றுவதற்காகக் கட்டிய மதில். எளியவன் தன் கையால் செய்துகொள்வதே விடுதலை என்பது அது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதுரையில் வாழ்பவர்கள் இதை நம்பவேண்டியதில்லை. நம் ஊரிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அக்காலத்தில் கண்புரை நீக்கப்பட்ட கிராமத்துப் பெரியவர்கள் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வீடு திரும்பினார்கள். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது இறக்குமதிச் சரக்கு. நூறு டாலர் அளவில் விற்றது. சுற்றுவட்டாரத்து மானாவாரி விவசாயிக்கு அது எட்டாத விலை. 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் அந்த வில்லையை மதுரையிலேயே செய்து பத்து டாலருக்கும் குறைவாகத் தந்தது. இன்று சிவகங்கைச் சாலையில், வீரபாஞ்சானில் இருக்கும் அத்தொழிற்கூடத்திலிருந்து வில்லைகள் உலகெங்கும் போகின்றன. அங்கே விலை குறைந்தது, சோதனை குறையவில்லை. தூசி புகாத அறையும் கிருமிநீக்கமும் தரச்சான்றும் இருந்தபடியேதான் மலிவு வந்தது. மலிவுக்கும் கவனத்துக்கும் பகையில்லை என்பதே இதன் பாடம்.

அந்த வில்லையின் கதையும் ஒரு தற்செயலில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்களில் தெறித்த அக்ரிலிக் துண்டுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததை ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளில் வில்லை செய்வித்து, 1949இல் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். சக மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். பொதுவழக்காக அது நிலைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய இதய வால்வும் அப்படித்தான்; முதல் மூன்று வடிவங்கள் கைவிடப்பட்டு, நான்காவது வடிவமே 1990இல் மனித இதயத்தை அடைந்தது. உடல் ஏற்கும் பொருள் என்று நாம் சொல்வது உண்மையில் காலத்தைப் பற்றிய ஒரு வாக்குறுதி. இன்று வலிக்கவில்லை என்பது அதற்குச் சான்றாகாது.

என் உடல், என் உரிமை என்பார்கள். நம் பாட்டிமார் சந்தையில் பச்சை குத்திக்கொள்ளவில்லையா என்றும் கேட்கலாம். பச்சையின் கரித்துகளைத் தோலின் உயிரணுக்கள் விழுங்கித் தம்முள் வைத்துக்கொள்கின்றன, அது துருப்பிடிப்பதில்லை. காந்தம் அப்படியன்று. உறை கிழிந்தபின் அதைத் துண்டு துண்டாக எடுக்கவேண்டிய பொறுப்பு யாரோ ஒரு மருத்துவர் தலையில் விழும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்பட்டால் அந்தச் சிறு காந்தமே தடையாகவும் ஆபத்தாகவும் நிற்கும். உரிமையை ஒப்புக்கொண்டாலும், ஓர் உடலில் நடக்கும் சோதனை ஒற்றைச் சாட்சியே. பிறருக்கு அதிலிருந்து கிடைக்கும் அறிவு சொற்பம்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொறியியல் படிக்கும் இளைஞருக்கு மேற்பூச்சில் ஆர்வம் பிறந்தால் நல்லதுதான். பூசிய காந்தங்கள் இருபதை உப்புநீர்ப் புட்டிகளில் இட்டு, உடல்வெப்பத்தில் ஓராண்டு வைத்துப் பார்க்கட்டும். எது எந்த மாதத்தில் துருவேறியது என்று குறிப்பெழுதட்டும். ஒருவர் விரலையும் அறுக்காமல் அந்தக் குறிப்பேடு பலருக்குப் பயன்படும்.