மேல்வீட்டு மூப்பர்மார்

திங்கட்கிழமை என்றால் எங்கள் மேல்வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஓயாது. இரண்டு பெடியள், ஒரு கிழமைக்குரிய வெள்ளைச் சட்டைகள். லண்டன் புறநகரில் இரண்டு தட்டு வீடொன்றின் கீழ்த்தட்டில் நாங்கள் இருக்கிறோம். மேல்தட்டை மோர்மன் சபை வாடகைக்கு எடுத்து, ஊழியத்துக்கு வருகிற இளைஞர்களைக் குடிவைத்திருக்கிறது. இந்த மூன்று வருஷத்தில் அந்த மாடிப்படியில் எத்தனை முகம் ஏறி இறங்கிவிட்டது என்று எனக்குக் கணக்கில்லை.

என்னுடைய மகனுக்கு 17 வயது. வருகிற செப்டம்பரில் வேறு ஊருக்கு, யூனிவர்சிட்டிக்குப் போகிறான். அதனால்தான் இந்த முறை மேல்வீட்டைப் பற்றி எழுதத் தோன்றியது. உங்களில் பலருடைய வீட்டிலும் அதே வயதில் ஒன்று இருக்கும்.

சட்டைப் பையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் ‘எல்டர்’ என்று போட்டு, பக்கத்தில் குடும்பப் பெயர். எல்டர் என்றால் மூப்பர். அம்மா முதல் நாளே கேட்டா: “மீசையே ஒழுங்காய் முளைக்கேல்லை, உதுகள் மூப்பரோ?”

பெடியள் 18 வயதிலிருந்து இந்த ஊழியத்துக்குப் போகலாம். அவர்களுக்கு இரண்டு வருஷம், பெண் பிள்ளைகளுக்கு ஒன்றரை வருஷம். எந்த நாடு என்பதைத் தாங்களாகத் தெரிவுசெய்ய முடியாது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டோக்கியோவா, கானாவா, லண்டனா என்பதை சால்ட் லேக் சிட்டியில் இருக்கிற தலைமையகம் தீர்மானிக்கும். சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பிள்ளை என்றால், 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டொலர் அவனோ அவன் வீட்டாரோதான் கட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 12,000 டொலர். இப்போது மேலே இருக்கிற பெடியன் யூட்டாக்காரன். பள்ளிக்கூட நாட்களில் கடையில் வேலைசெய்து பாதியைத் தானே சேர்த்தவனாம்.

திங்கட்கிழமையை அவர்கள் ‘ஆயத்த நாள்’ என்கிறார்கள். உடுப்புத் தோய்க்கிறது, கடைக்குப் போகிறது, தலைமயிர் வெட்டுகிறது, வீட்டுக்குக் கதைக்கிறது எல்லாம் அன்றைக்குத்தான். பின்னேரம் 6 மணிக்குத் திரும்பவும் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு வெளிக்கிட வேண்டும். 2019 பெப்ரவரி வரைக்கும் வீட்டுக்குக் கிழமைக்கு ஒரு மின்னஞ்சல்தான் எழுதலாம். குரலைக் கேட்கிறது நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். அதன்பிறகுதான் ஒவ்வொரு கிழமையும் போனிலோ வீடியோவிலோ கதைக்க விட்டார்கள். இங்கே பின்னேரம் 3 மணி என்றால் யூட்டாவில் காலை 8 மணி. அந்த நேரத்தில் மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்.

செவ்வாயிலிருந்து பழைய ஒழுங்கு. காலை 6.30க்கு எழும்பி உடற்பயிற்சி, பிறகு வேதப் படிப்பு. இரவு 10.30க்குப் படுக்கை. படம் இல்லை, காதலி இல்லை. போன் இருக்கிறது, ஆனால் அது ஊழியத்துக்கு.

இதெல்லாவற்றிலும் கஷ்டமானது எது என்று கேட்டேன். “தனியாக இருக்க முடியாதது” என்றான் யூட்டாக்காரன். எங்கே போனாலும் சோடியாகத்தான் போக வேண்டும். சோடியையும் மேலிடம்தான் போடும். ஆறு கிழமைக்கு ஒருதரம் இடமாற்றப் பட்டியல் வரும். சிலவேளை அதே ஆள், சிலவேளை புது ஆள். இவனுடைய சோடி பிரேசில்காரன், நன்றாய்க் குறட்டை விடுவானாம். கோபம் வந்தால்? கிழமைக்கு ஒருதரம் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து, எது சரி, எது பிழை என்று கதைத்துத் தீர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. கல்யாணம் கட்டி இருபது வருஷமான எங்களில் எத்தனை பேர் அப்படி இருந்து கதைக்கிறோம்?

கிழமை நடுவில் அந்த வட்டாரத்து மிஷனரிகள் எல்லாரும் கூடுவார்கள். மற்ற நேரம் கதவுகள், பஸ் தரிப்புகள், தெருக்கள். ஒரு மழை நாளில் பின்னேரம் முழுக்க 40 கதவு தட்டினோம், இரண்டு பேர்தான் நின்று கதைத்தார்கள் என்றான். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் 2012இல் போட்டியிட்ட மிட் ரோம்னியும் இந்தப் பாடத்தைப் படித்தவர்தான். 1966 முதல் 1968 வரை பிரான்சில் இருந்தார். வைன் குடிக்கிற நாட்டில், குடிக்காதே என்று சொல்லுகிற சமயத்தைக் கொண்டு கதவு தட்டினால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்துக்கு இவர்கள் வரத் தொடங்கியது 1837இல். முதல் ஆட்கள் லிவர்பூலில் இறங்கி, லங்காஷயரில் பிரெஸ்டன் என்ற ஊரில் பிரசங்கித்தார்கள்.

எங்கள் கதவையும் தட்டினார்கள். “நாங்கள் கோயிலுக்குப் போகிற ஆட்கள், மாறுகிற எண்ணமில்லை. வேறு உதவி என்றால் சொல்லுங்கோ” என்று நேராகச் சொன்னேன். சமயம் மாற்றக் கதவு தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, இன்றைக்கும் இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பொதுச்சேவைக்கும் கிழமையில் சில மணித்தியாலம் ஒதுக்குவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, குளிர் தொடங்க முதல் அம்மாவின் கறிவேப்பிலைச் சாடியைத் தோட்டத்திலிருந்து உள்ளே தூக்கி வைத்துத் தந்தார்கள். அம்மா தேத்தண்ணி போட்டா. இரண்டு பேரும் கையெடுக்காத குறையாய் மறுத்தார்கள். அவர்களுடைய சமயத்தில் தேத்தண்ணியும் கோப்பியும் கூடாது. “தேத்தண்ணி குடியாத வெள்ளைக்காரனோ?” என்று அம்மாவுக்குப் பெரிய அதிசயம். அன்றிலிருந்து அவர்களுக்கு மல்லித் தண்ணி.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டம், இரண்டு மணித்தியாலம். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு நேரச் சாப்பாட்டை விட்டு, அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். கந்தசஷ்டி பிடிக்கிற அம்மாவுக்கு இது ஒன்று மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை.

போன தை மாதம் யூட்டாவில் அவனுடைய தாத்தா இறந்துபோனார். பெடியன் போகவில்லை. போவதா இருப்பதா என்று வீட்டாரோடு கதைத்து, தானே எடுத்த முடிவு என்றான். செத்தவீட்டை வீடியோவில் பார்த்தான். பிறகு கீழே வந்து, சோடிக்காரனோடு எங்கள் குசினி மேசையில் பேசாமல் இருந்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாய் வராது. மல்லித் தண்ணியை அவனுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தானும் எதிரே இருந்தா.

அவர்கள் மேலே போன பிறகுதான் அம்மா வாய் திறந்தா. 1991இல் அம்மப்பா யாழ்ப்பாணத்தில் மோசம் போனபோது பாதை பூட்டு. கடிதம் கொழும்பு சுற்றி வந்து சேர்ந்தபோது ஊரில் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அம்மா அழுதது ஞாபகம் இருக்கிறது. “எங்களுக்குப் போக வழி இருக்கேல்லை. உவனுக்கு வழி இருந்தும் போகேல்லை. ரெண்டும் ஒண்டில்லைப் பிள்ளை” என்றா. சற்றுப் பொறுத்து, “ஆனா தனிய இருந்து அழுகிறது ஒண்டுதான்” என்றா.

அம்மா சொன்ன அந்த வித்தியாசம்தான் சில மாதமாய் மனதில் ஓடுகிறது. எங்கள் பெற்றோருக்குப் பிரிவு என்பது திகதி இல்லாத ஒன்று. எப்போது முடியும், முடியுமா என்றே தெரியாது. அப்படிப் பயந்தவர்கள் எங்களை இறுக்கிப் பிடித்தார்கள். நாங்கள் பிள்ளைகளின் போனை இறுக்கிப் பிடித்திருக்கிறோம். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், சாப்பிட்டாயா என்று இரவில் ஒருதரம். மேல்வீட்டில் நான் காண்பது வேறு மாதிரிப் பிரிவு. அதற்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கதைக்கிற நாளும் உண்டு. மற்ற ஆறு நாளும் பிள்ளை தன் பாட்டைத் தான் பார்க்க வேண்டும்.

இதை வெறும் புகழ்ச்சியாய் எடுக்க வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு விருப்பம் என்றும், பெடியளுக்குக் கடமை என்றும்தான் அந்தச் சபை சொல்லுகிறது. போகாதவனையும், இடையில் உடம்போ மனமோ சரியில்லாமல் திரும்பி வந்தவனையும் ஊர் ஒரு மாதிரிப் பார்ப்பதுண்டு. டொக்டர் ஆகாத பிள்ளையை நம்முடைய சனம் பார்க்கிற பார்வை எங்களுக்குத் தெரியாததா? எங்கள் பிள்ளைகளுக்குச் சமய ஊழியம் தேவை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 40 கதவு மூடினாலும் 41ஆவதைத் தட்டுகிற பழக்கமும், தெரிவுசெய்யாத ஒருவனோடு ஒரே அறையில் காலம் தள்ளுகிற பொறுமையும் எந்தச் சமயத்துக்கும் தனிச்சொத்தில்லை.

எங்கள் வீட்டில் மகனோடு இருந்து கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். செப்டம்பரிலிருந்து ஞாயிறு பின்னேரம் 5 மணிக்கு ஒரு போன். அவசரம் என்றால் எந்த நேரமும் எடுக்கலாம். மற்றபடி நானாக எடுப்பதில்லை. அவனுக்குச் சந்தோஷம், இவருக்குச் சந்தேகம். அம்மா மட்டும் இதற்குச் சம்மதிக்கவில்லை. “அது தாய்க்கும் மகனுக்கும் போட்ட ஒப்பந்தம். அம்மம்மாவுக்குப் புதன்கிழமை தனிய எடுக்க வேணும்” என்று சொல்லிவிட்டா. அவனும் தலையாட்டியிருக்கிறான்.

உங்கள் பிள்ளை வெளிக்கிட்டபோது நீங்கள் என்ன ஒழுங்கு போட்டீர்கள்? அது எத்தனை கிழமைக்கு நின்றது? எழுதுங்கோ, செப்டம்பருக்கு முதல் எனக்குத் தேவைப்படும்.